பட்டறை பதில்கள்: பச்சை மரம் அறுக்க எந்த மெஷின், எந்த பிளேடு?

போன இதழில் பூவரசங்கட்டையில் கிண்ணம் கடைவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசலுக்கு முந்திய வேலையைப் பற்றியே கேட்கின்றன: வெட்டிப்போட்ட மரத்தை லேத்தில் ஏற்றும் அளவுக்கு வட்டக்கட்டையாக அறுப்பது எப்படி? அதனால் இந்த மாதம் முழுவதும் அதற்கே. கடிதங்களில் அடிக்கடி வரும் பேண்ட்சா என்பது, மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பட்டை பிளேடால் அறுக்கும் மெஷின்.

*குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். சின்ன மரக்கடைசல் லேத் ஒன்று வாங்கியிருக்கிறேன். கொல்லையில் ஒரு வாகையும் வேலியோரம் இரண்டு பூவரசும் வெட்டிக் கிடக்கின்றன. வாகை 16 அங்குலப் பருமன். 10, 12 அங்குலக் கிண்ணங்கள் செய்ய ஆசை. கடைக்காரர் 14 அங்குல பேண்ட்சா, 1 எச்.பி. மோட்டார் போதும் என்கிறார். கூடவே அங்குலத்துக்கு 6 பல் உள்ள பிளேடு தருகிறார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். வாங்கலாமா?*

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போய் வாருங்கள் ஐயா. மெஷினின் மேல் கைடை, அதாவது மேசைக்கு மேலே பிளேடு ஆடாமல் பிடிக்கும் பகுதியை, முழுவதும் ஏற்றிவிட்டு, மேசையிலிருந்து கைடின் அடி வரை அளந்து பாருங்கள். கடைக்காரர் சொன்ன 14 அங்குலம் சக்கரத்தின் விட்டம். பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் இடையில் எவ்வளவு அகலம் கிடைக்கும் என்பதை அது ஏறக்குறையச் சொல்லும். கட்டை எவ்வளவு உயரம் போகும் என்பது தனிக் கணக்கு. வார்ப்பிரும்புச் சட்டம் வைத்த பழைய மாதிரி 14 அங்குல மெஷின்களில் பெரும்பாலும் அது 6 அங்குலம்தான். உங்கள் வாகையை நடுவில் பிளந்தால் பாதிக்கட்டை 8 அங்குலம் நிற்கும். மரத்தின் நட்டநடுவில் ஓடும் நடுத்தண்டில்தான் வெடிப்பு தொடங்கும், அதை ஒட்டி ஒரு அங்குலம் கழித்தாலும் 7. கைடுக்கு அடியில் அது நுழையவே நுழையாது.

சில வார்ப்பிரும்பு மாதிரிகளுக்குத் தூணின் நடுவில் பொருத்த ரைசர் பிளாக் தனியாகக் கிடைக்கும். அதைப் போட்டால் 6 என்பது 12 அங்குலமாகும். பிளேடின் நீளமும் 93½ அங்குலத்திலிருந்து 105 ஆகிவிடும், கையில் இருக்கும் பிளேடுகள் பிறகு உதவாது. தகட்டு இரும்பை மடித்து வெல்டிங் செய்த சட்டம் உள்ள மெஷின்களில் முதலிலிருந்தே 10, 12 அங்குல உயரம் வரும். இரண்டும் கைக்கு எட்டும் விலையில் இருந்தால் நான் தகட்டுச் சட்டத்தைத்தான் எடுப்பேன். பிளேடை நன்றாக முறுக்கினாலும், அதாவது விறைப்பாக இழுத்துக் கட்டினாலும், சட்டம் வளைந்து கொடுக்காது.

அடுத்து மோட்டார். 1 எச்.பி. காய்ந்த பலகைக்குச் சரி. 7 அங்குலப் பச்சை வாகையில் அது திணறும். நீங்கள் கட்டையை இன்னும் அழுத்துவீர்கள், பிளேடு வளையும், மோட்டார் சுடும். குறைந்தது 2 எச்.பி. பாருங்கள். சிங்கிள் ஃபேஸில் 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரும் வேண்டும். மின்பெட்டியிலிருந்து பட்டறைக் கொட்டகை தூரமாக இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். மெல்லிய நீட்டிப்பு ஒயரைச் சுருட்டி வைத்து ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டாரின் கெப்பாசிட்டர் போய்விடும். 3 எச்.பி. என்றால் தனி லைன், தனி எம்.சி.பி. இழுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், டெல்டாவில் பலருக்கு இந்த யோசனை வருகிறது. கொல்லையில் பம்புசெட்டுக்கு த்ரீ ஃபேஸ் இருக்கிறதே என்று அதில் பட்டறை மோட்டாரைச் சேர்க்காதீர்கள். விவசாயத்துக்கென்று இலவசமாகக் கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல்.

இனி பிளேடு. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதில்தான், ஏனென்றால் நல்ல மெஷின் வாங்கியவர்களும் பிளேடில் தவறிவிட்டு மெஷினைத் திட்டுகிறார்கள்.

கடைக்காரர் தரும் 6 பல் பிளேடு முக்கால் அங்குலப் பலகைக்கானது. பச்சைக் கட்டைக்கு அங்குலத்துக்கு 3 பல் போதும். காரணத்தைச் சொல்கிறேன். ஒரு பல் கட்டையின் மேல்முகத்தில் கடிக்க ஆரம்பித்தால் 7 அங்குலம் கீழே இறங்கி வெளியே வரும்வரை, தான் சீவிய தூளைத் தனக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். பல் நெருக்கமாக இருந்தால் அந்தப் பள்ளம் சின்னது, பாதி வழியிலேயே நிரம்பிவிடும். காய்ந்த மரத்தூளாவது உதிரும். பச்சைத் தூள் ஈரத்தோடு அடைத்துக்கொண்டு வெளியே வராது. பள்ளம் நிரம்பிய பிறகு பல் மரத்தைக் கடிக்க முடியாமல் தேய்க்கத்தான் செய்யும். அதிலிருந்து சூடு, புகை, கோடு விட்டு விலகுதல் எல்லாம் வரும். மேலேயும் கீழேயும் கோட்டில் இருந்து நடுவில் மட்டும் பிளேடு வயிறு தள்ளி அறுத்திருந்தால், அடைப்பா, மொட்டையா, முறுக்குப் போதாமையா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

3 பல் என்றால் ரொம்பக் குறைவோ என்று பயப்பட வேண்டாம். 7 அங்குலக் கட்டைக்குள் எந்த நேரத்திலும் 21 பல் இருக்கும். அறுத்த முகம் சொரசொரப்பாகத்தான் வரும். வரட்டும், அந்த முகத்தை லேத்தில் உளி எடுத்துவிடப் போகிறது.

பல்லின் வடிவத்தில் ஹூக் என்று கேளுங்கள், பல் முன்பக்கம் சாய்ந்து மரத்தைத் தானே இழுத்துக் கடிக்கும். அது இல்லையென்றால் ஸ்கிப், பல் நேராக நிற்கும், இடைவெளி அகலமாக இருக்கும். இரண்டும் பச்சை மரத்துக்கு ஆகும். பற்களை வலமும் இடமும் சாய்த்து வைப்பதை ஆசாரிகள் செட் என்பார்கள். அது நன்றாக அகன்றிருக்க வேண்டும். ஈர நார் அறுபட்ட பின்னும் விம்மி வந்து பிளேடின் முதுகைக் கவ்வும், அறுத்த வழி அகலமாக இருந்தால்தான் பிளேடு சுதந்திரமாக ஓடும்.

அகலத்துக்கு வருவோம். அரை அங்குல பிளேடு, அதாவது 4 நூல், ஏறக்குறைய 2½ அங்குல ஆரத்துக்குத் திரும்பும். 5 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள வட்டங்களை அறுக்கலாம். 3 நூல் பிளேடு 1½ அங்குல ஆரத்துக்குத் திரும்பும், 3 அங்குலச் சின்ன வட்டம்கூட வரும். நீங்கள் கேட்பது 10, 12 அங்குலக் கிண்ணம், ஆகவே அரை அங்குலமே உங்களுக்கு. சின்னக் குங்குமச் சிமிழ், சொப்பு என்று ஆசை வந்தால் ஒரு 3 நூல் வாங்கி ஆணியில் மாட்டி வையுங்கள். மெஷினின் விளம்பரத்தில் முக்கால் அங்குல பிளேடு வரை போடலாம் என்று இருக்கும். போடலாம், ஆனால் 14 அங்குல மெஷினின் ஸ்பிரிங் அதைப் போதுமான அளவு முறுக்காது. தடிமன் 0.025 அங்குலம் கேளுங்கள். அதைவிடத் தடித்த பிளேடு சின்னச் சக்கரத்தில் வளைந்து வளைந்து பல்லின் அடியில் விரிசல் விடும்.

கார்பன் ஸ்டீலா, பைமெட்டலா என்று கேட்பீர்கள். பைமெட்டல் சூட்டைத் தாங்கி அதிக நாள் கூராக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் நம் ஊர் மரத்துக்கு முதலில் கார்பன் ஸ்டீலில் இரண்டு பிளேடு வாங்குவதே நல்லது. வயலில் விழுந்த மரம் வண்டலில் புரண்டு, இழுத்துவந்த வழியெல்லாம் மண்ணை பட்டையில் ஏற்றிக்கொண்டு வருகிறது. அந்த மண்ணுக்கு விலை உயர்ந்த பிளேடும் ஒன்றுதான், மலிவான பிளேடும் ஒன்றுதான். பட்டையைச் சீவிவிட்டு, தண்ணீர் ஊற்றித் தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்த பிறகே மேசையில் ஏற்றுங்கள்.

உங்கள் பூவரசு வேலியில் நின்ற மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு கவலை. நம் பக்கத்தில் பூவரசுப் போத்தை நட்டு, அது துளிர்த்ததும் அதிலேயே முள்கம்பியை ஆணியால் அடித்துவிடுவார்கள். வருஷங்கள் போக மரம் அந்த ஆணியை விழுங்கிவிடும், வெளியே தெரியாது. குறுக்கு வெட்டு முகத்தில் கருநீலத் திட்டு தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு அடியை விறகுக்குப் போட்டுவிடுங்கள். மிச்ச பூவரசு அருமையான மரம், சேகு, அதாவது உள்வைரம், சாக்லேட் நிறம், காயும்போது சுருக்கமும் குறைவு. ஹவாய்த் தீவுகளில் மிலோ என்று பேர் சொல்லிக் கிண்ணம் கடைவது இதே மரத்தில்தான். வாகை அறுக்கும்போது மூக்கில் துணி போதாது, நல்ல முகமூடி போடுங்கள். அதன் தூளுக்குத் தும்மல் நிற்காது.

*நன்னிலம் வாசகர்: ஐயா, எங்கள் ஊர் சாமில்லில் பெரிய பேண்ட்சா இருக்கிறது. அங்கேயே கொடுத்து வட்டமாக அறுத்து வாங்கிக்கொண்டால் என்ன?*

வட்டம் முடியாது. மில் மெஷினின் பிளேடு பல அங்குல அகலம், நேராக மட்டும் போகும். ஆனால் மில்லை விட்டுவிடாதீர்கள். கட்டையைச் சரியாக நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியிலும் தண்டை ஒட்டிய ஒரு அங்குலத்தைச் சீவி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிடைப்பது ஒருபக்கம் தட்டையான பாதிக்கட்டை. நமக்கு வேண்டிய கஷ்டமான அறுப்பு அதோடு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பேண்ட்சா இல்லாமலும் சமாளிக்கலாம். மாதத்துக்கு இரண்டு மூன்று கிண்ணம் என்றால் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. என் அப்பா கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைந்த காலத்தில் எங்கள் பட்டறையில் பேண்ட்சா கிடையாது. வாச்சியால் மூலைகளைச் செதுக்கி எட்டுப்பட்டையாக்கித்தான் லேத்தில் ஏற்றுவார். இன்றைக்குச் செயின் சா வைத்திருக்கும் ஆளிடம் சொன்னால் நான்கு மூலையையும் வெட்டி எட்டுப்பட்டை ஆக்கித் தருவார். லேத்தை மெதுவான வேகத்தில் வைத்து மிச்சத்தை உளியால் உருட்டிவிடலாம். பேண்ட்சா வாங்கும் பணத்தில் நல்ல கிண்ண உளியும், லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கும் வாங்கிவிடலாம். வாரம் பத்துக் கட்டை அறுக்கிறவருக்கே பேண்ட்சா தேவை.

*பேராவூரணி வாசகர்: கஜா புயலில் விழுந்த தென்னைகளில் நல்ல அடித்தண்டு சில இன்னும் கொட்டகையில் கிடக்கின்றன. அவற்றில் கிண்ணம் வருமா?*

கஜா 2018 நவம்பர் 16-ல் கரை கடந்தது. இத்தனை வருஷம் கூரையின் கீழே இருந்து செல்லரிக்காமல் இருந்தால் அது பச்சை மரம் அல்ல, நன்றாகவே காய்ந்திருக்கும். கிண்ணம் வரும். தென்னையில் வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. அடித்தண்டின் வெளிச்சுற்றிலிருந்து மட்டும் கட்டை எடுங்கள், 4 அல்லது 5 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். தென்னை பிளேடை வெகு சீக்கிரம் மொட்டையாக்கும். அந்தத் தண்டுகளை முழுவதும் அறுத்து முடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கார்பைடு முனை வைத்த பிளேடு வாங்கும் செலவு நியாயம்.

*திருவையாறு வாசகி: அண்ணா, நானும் என் கணவரும் மரப்பாத்திரம் செய்து விற்கிறோம். பேண்ட்சா, 3 பல் பிளேடு எல்லாம் இருக்கிறது. ஆனால் வட்டம் அறுக்கும்போது பிளேடு சக்கரத்திலிருந்து கழன்றுவிடுகிறது. ஒரு தடவை கட்டை சட்டென்று உருண்டு, கை பிளேடுக்குப் பக்கத்தில் போய்விட்டது. எங்கே தவறு?*

முதலில் உருண்டதைப் பேசுவோம், தங்கச்சி. மேசையில் கட்டையின் தட்டையான முகம் முழுவதும் படிந்திருக்க வேண்டும், பட்டைப் பக்கம் மேலே. பட்டைப் பக்கம் கீழே வைத்தாலோ உருளைக்கட்டையை அப்படியே வைத்தாலோ பிளேடு மேலிருந்து கீழே அழுத்தும் வேகத்தில் கட்டை உருளும். அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தும் பலம் யாருக்கும் இல்லை. உருளைக்கட்டையை அறுத்தே ஆக வேண்டுமென்றால் ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டிய தொட்டில் பலகையில் ஆப்பு அடித்து, ஸ்க்ரூ போட்டு இறுக்கிய பிறகு அறுங்கள்.

வட்டத்தைப் பட்டையின் மேல் சாக்பீஸால் வரைந்தால் மேடுபள்ளத்தில் கோடு ஏமாற்றும். முதலில் மேலே உள்ள கூனைக் கொஞ்சம் தட்டையாகச் சீவிவிடுங்கள். பின்னால் அதுதான் கிண்ணத்தின் அடியாகப் போகிறது. மெல்லிய பிளைவுட்டில் 6, 8, 10, 12 அங்குலத்தில் வட்டத் தகடுகள் வெட்டி வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு ஆணியால் கட்டையின் மேல் அடித்து, தகட்டின் விளிம்பைப் பார்த்து அறுங்கள். எந்த அளவு வட்டத்தில் வெடிப்பும் முடிச்சும் வெளியே போகும் என்று தகட்டை நகர்த்திப் பார்த்து முடிவு செய்யவும் வசதி.

பிளேடு கழல்வதற்கு, பிளேடு ஓடும்போதே கட்டையைப் பின்னால் இழுப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். பாதி வட்டம் அறுத்துவிட்டு, திரும்ப முடியாமல் கட்டையைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள். அறுத்த வழியில் ஈரத்தூள் அடைத்திருக்கும், நார் விம்மியிருக்கும், பிளேடு கட்டையோடு சேர்ந்து முன்னால் வந்துவிடும். அதனால் வட்டத்தைத் தொடங்கும் முன் மூலைகளை நேர்க்கோட்டில் அறுத்துத் தள்ளிவிடுங்கள். அப்புறம் வட்டத்தைச் சுற்றி வரும்போது கழிவுத் துண்டுகள் தாமாகவே விழும், பின்னால் வர வேண்டிய அவசியமே இராது. அப்படியும் சிக்கிக்கொண்டால் மோட்டாரை நிறுத்தி, சக்கரம் முழுவதும் நின்ற பிறகு, அறுத்த வழியில் ஒரு சின்ன ஆப்பைச் செருகிக் கட்டையை எடுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ஈரத்தூள் சக்கரத்தின் ரப்பர் டயரில் அப்பிக் காய்ந்து மேடு கட்டும், அதன் மேல் பிளேடு நிலையாக ஓடாது. பலா அறுத்தால் அதன் பாலும் சேர்ந்து பிசினாக ஒட்டும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு டயரை ஒரு மரச்சீவலால் சுரண்டுங்கள். பிளேடை மட்டும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம், ரப்பரில் அது படக்கூடாது. வார்ப்பிரும்பு மேசையில் பச்சைக்கட்டையை ராத்திரி விட்டு வைக்காதீர்கள், காலையில் கறுப்புக் கறை மேசையிலும் இருக்கும், கட்டையிலும் இருக்கும். பிளேடின் முறுக்கையும் தளர்த்திவிட்டுப் போங்கள்.

கைடை கட்டையின் உச்சிக்குக் கால் அங்குலம் மேலே வைப்பது சரிதான். ஆனால் பாதிக்கட்டையின் ஓரம் சரிவாக இருப்பதால், ஓரத்தை அறுக்கும்போது கட்டைக்கும் கைடுக்கும் நடுவே சில அங்குல பிளேடு மூடாமல் தெரியும். உங்கள் கை போன இடம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு கையும் பிளேடின் கோட்டுக்கு இரண்டு பக்கம், கட்டையின் தாழ்ந்த ஓரத்தில் இருக்கட்டும். கையுறை வேண்டாம், நூல் சிக்கினால் கையோடு இழுத்துவிடும். புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

பலா பற்றி எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் தேடுவது பலாமரத்தைத்தான். குடத்திலிருந்து யாளி வரை ஒரே கட்டையில் செய்யும் ஏகாந்த வீணைக்கு நீளமான, பருத்த முதிர்ந்த மரம் வேண்டும். அப்படி ஒரு பலா உங்களிடம் வந்தால் கிண்ணமாக அறுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிளைக்கட்டையில் நமக்குக் கிண்ணம் கிடைக்கும், அவர்களுக்கு அந்த அடிமரம் எளிதில் கிடைக்காது.

*மன்னார்குடி வாசகர்: பங்குனியில் மாங்கட்டைகளை அழகாக வட்டமாக அறுத்து அடுக்கினேன். ஒரு வாரத்தில் எல்லாம் வெடித்துவிட்டன. பிளேடின் சூட்டால் வெடிக்குமா?*

பிளேடுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மரத்தின் ஈரம் நார் முடியும் முகங்கள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். வட்டமாக அறுத்த கட்டையில் அப்படி இரண்டு முகங்கள் வளைவிலேயே இருக்கின்றன. பங்குனி வெயிலில் வெளித்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், இழுப்பில் வெடிக்கும். நடுத்தண்டு கட்டையில் இருந்திருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும், பாருங்கள்.

அறுத்த அன்றைக்கே கடைவதுதான் நல்ல வழி. கிண்ணத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் கனம் வைத்து முதல் கடைசலை முடித்துவிடுங்கள், 10 அங்குலத்துக்கு ஒரு அங்குலம். அந்தக் கனத்தில் அது கோணலாகி, ஆனால் வெடிக்காமல் காயும். கடைய நேரமில்லாத கட்டைகளுக்கு பாரஃபின் மெழுகை ஒரு பாத்திரத்தில் போட்டு, அதைக் கொதிக்கும் நீருக்குள் வைத்து உருக்கி, வளைவு முழுவதும் தடவுங்கள். நேரடி நெருப்பில் மெழுகை வைக்காதீர்கள். மெழுகு இல்லாவிட்டால் வெள்ளை மரப்பசை இரண்டு பூச்சு ஓரளவுக்குத் தாங்கும். மாங்கட்டையை அறுக்காமல் போட்டு வைத்தால் வெள்ளைப் பகுதியில் பூச்சி துளைக்கும், அதனால் மற்ற மரங்களுக்கு முன்னால் மாங்கட்டையை எடுங்கள். மாம்பால் சிலருக்குக் கையில் கொப்புளம் தரும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதல் கடைசல் முடிந்த கிண்ணங்களை அவற்றின் சுருள்களோடு சேர்த்துச் சாக்குப் பையில் போட்டு, காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள். உரமூட்டை பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதி, மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு இரண்டாம் கடைசலுக்கு எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடை கொஞ்சம் ஏறினாலும் ஏறும், அது காற்றிலிருந்து வாங்கிய ஈரம். அந்த நேரத்தில் எடுக்காமல் தை பிறந்து வெயில் வந்ததும் இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.